விடுபட்ட இருபத்தைந்து எழுத்துகள்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. அமெரிக்கா, இங்கிலாந்து, பாகிஸ்தான், இந்தியா என்று பல நாட்டவர் சேர்ந்து எழுதியது. ஆசிரியர்களே இருபதுக்கு மேல். பட்டியலின் முதல் பெயர் பெருந்துறை எஸ். தண்டபாணி. கொங்கு நாட்டுக்காரர் எவரும் அந்த முதல் சொல்லிலேயே கண்ணை நிறுத்துவார். பெருந்துறையிலிருந்து விஜயமங்கலம், ஊத்துக்குளி வழியாக வந்தால் ஒரு மணி நேரத்தில் திருப்பூர். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்போன ஊர். இதயத்தைப் பற்றிய கட்டுரையில் அதைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமில்லை.

தண்டபாணி அப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். கூட்டாளிகளில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் இதய அறுவை மருத்துவர் ஏ. ரத்தினவேல் உண்டு. இதயத் தசைப் புரதங்களை ஆராயும் சக்திவேல் சடையப்பன் உண்டு. பட்டியலின் கடைசியில், அறிவியல் உலக வழக்கப்படி வழிநடத்தியவருக்குரிய இடத்தில், ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) குமாரசாமி தங்கராஜ்.

அவர்கள் சொன்ன செய்தி இது. இதயத் தசை சுருங்கி விரிவதை நெறிப்படுத்தும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவின் பெயர் எம்ஒய்பிபிசி3. அந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இருக்கிறது. முதலில் இரண்டு இந்தியக் குடும்பங்களில் கண்ணில் பட்டது. பிறகு நாடு முழுவதும் 800 இதயத்தசை நோயாளிகளையும் ஏறக்குறைய 700 நலமானவர்களையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் அது பல மடங்கு மிகுந்திருந்தது. 107 இனக்குழுக்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டவர்களிடம் தேடியபோது, வடகிழக்கு நீங்கலாக ஏறக்குறைய நாடெங்கும் கிடைத்தது. இந்தியாவுக்கு வெளியே பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா. அவ்வளவுதான். மற்ற உலகத்தில் தேடியும் இல்லை. ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் இத்துணைக்கண்டத்தில் ஒருவரிடம் தோன்றி, வழிவழியாக இறங்கிவந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால், அந்த இடத்தில் விழும் கோடு துணி முடியும்வரை கூடவே ஓடும். இந்த விடுபடலும் அப்படித்தான் ஓடி வந்திருக்கிறது. துணியில் விழுந்த கோட்டை மேற்பார்வையாளர் அன்றே பிடித்துவிடுவார். இயற்கையால் இதைப் பிடிக்க முடியவில்லை. பாதிப்பு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளை பெற்று, மரபணுவையும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

இது மாரடைப்பு பற்றிய கட்டுரை அல்ல. மாரடைப்பு ரத்தக் குழாய் அடைபடுவதால் வருவது. இது தசையின் பிறவிக்கூறு பற்றியது. ஆனால் குழாய் அடைபட்டுத் திறந்தபின், எஞ்சிய தசை எவ்வளவு தெம்பாகத் துடிக்கும் என்ற கேள்வியில் இரண்டும் சந்திக்கின்றன. 2011இல் லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் பல்ராஜ் மித்தலின் குழு, இதயக்குழாய் அடைப்பு உள்ள நோயாளிகளை எடுத்து இதே விடுபடலைத் தேடியது. அடைப்புக்குப் பின் இடது கீழறை நலிந்துபோனவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. அதே அடைப்பு, அதே ஸ்டென்ட். ஒருவர் ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார், இன்னொருவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்குக்கு முப்பதாயிரம் ஆண்டு வயது இருக்கலாம்.

சடையப்பன் அதற்கு முன்பே, 2006இல், சின்சினாட்டியில் எலிகளைக் கொண்டு இன்னொரு பக்கத்தைக் காட்டியிருந்தார். அதே புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கும் நிலையைச் செயற்கையாக நிலைநிறுத்திய எலிகளின் இதயம், ரத்த ஓட்டம் தடைபட்டுத் திரும்பும்போது குறைவாகவே சேதமடைந்தது. மாரடைப்பின்போது இப்புரதம் சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது, அதை வைத்தே மாரடைப்பைக் கண்டறியலாம் என்பதும் 2012 வாக்கில் அவருடைய குழுவின் ஆய்வில் வெளிவந்தது. இந்த வரலாற்றில் தமிழ்ப் பெயர்கள் ஓரத்தில் நிற்கவில்லை, நடுவிலேயே நிற்கின்றன.

கட்டுரை வெளியான அதே பருவத்தில், 2009 பிப்ரவரியில், கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பூர் தனி மாவட்டமானது. பெருந்துறை ஈரோட்டோடு நின்றுகொண்டது. மாவட்டம் ஆனதே தவிர, மாரடைப்பு வந்தவரைக் கோவைக்குக் கொண்டுபோகும் வழக்கம் மாறவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி திருப்பூருக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் அவ்வளவு காலம் காத்திருந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஊரின் கதை அனைவரும் அறிந்ததே, சுருக்கமாகச் சொன்னால் போதும். பருத்திச் சந்தையாக இருந்த ஊரில் 1925இல் குலாம் காதர் முதல் பின்னலாடைக் கூடத்தைத் தொடங்கினார். அரை நூற்றாண்டு காலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன். 1978இல் இத்தாலிய வியாபாரி ஒருவர் மும்பை வணிகர்கள் வழியாக வந்து டி-சர்ட் கேட்டதிலிருந்து ஏற்றுமதி பிறந்தது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாக நின்று, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே முதலீடாகச் சொல்லிக்கொள்வதைச் சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். அந்த உழைப்பின் இன்னொரு பெயர் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுவது இங்கே செய்தியே இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்துபோவதும் கூலி இழப்புதான்.

திருப்பூரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் நெஞ்சு வலிக்கு முதலில் வைக்கும் பெயர் 'கேஸ்'. ஒரு சோடா, ஓமத் தண்ணி, பெட்டிக்கடை இஞ்சி மிட்டாய், பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை. இந்த மாத்திரை கதையில் இன்னொரு முறை வரும்.

மாரடைப்பு மருத்துவத்தின் வரலாறே நேரத்தைக் கண்டுபிடித்த வரலாறு. 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இதயக்குழாய் திடீரென அடைபட்டாலும் மனிதர் பிழைத்திருக்க முடியும் என்று எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் படுக்கை. 1952இல் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லோனும் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்ததே பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. உண்மையான திருப்பம் 1986இல் இத்தாலியிலிருந்து வந்தது. 'ஜிஸ்ஸி' என்ற ஆய்வில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். கட்டியைக் கரைக்கும் அந்த மருந்து இறப்பை 13 விழுக்காட்டிலிருந்து 10.7க்கு இறக்கியது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களுக்குப் பலன் மிகப் பெரிது. பனியனுக்கு வெளிநாட்டுச் சந்தையைக் காட்டிய நாடுதான் மாரடைப்புக்குக் கடிகாரத்தையும் காட்டியது. சந்தையைத் திருப்பூர் உடனே பிடித்துக்கொண்டது. கடிகாரம் வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

எவ்வளவு தாமதம் என்பதற்கு 2008இல் 'லான்செட்' இதழில் வந்த 'கிரியேட்' பதிவேடு சாட்சி. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் டெனிஸ் சேவியரும் பிரேம் பைஸும் 50 நகரங்களில் 20,468 நோயாளிகளின் விவரம் திரட்டினார்கள். வலி தொடங்கி மருத்துவமனை சேர எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 6 மணி. ஏழைகளின் இறப்பு வசதி படைத்தவர்களைவிட மிகுதி; கிடைத்த சிகிச்சையில் இருந்த வேற்றுமையைக் கணக்கில் எடுத்தால் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது அங்கே குற்றவாளி மரபணு அல்ல, பணம்.

இதற்கு விடை தேடியவர்களும் கொங்கு மண்ணில்தான் தொடங்கினார்கள். கோவை மெடிக்கல் சென்டரின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரியும் சேர்ந்து 'ஸ்டெமி இந்தியா' அமைப்பை உருவாக்கினார்கள். சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, அங்கேயே கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, 108 ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ செய்வது திட்டம். 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையும் 2009இல் வந்த அரசுக் காப்பீடும் இல்லாமல் இது நடந்திருக்காது. தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த முடிவு 2017இல் 'ஜாமா கார்டியாலஜி'யில் வந்தது. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல்! எந்த மரபணு ஆய்வும் இந்நாட்டில் இன்றுவரை இத்தனை உயிரைக் காட்டித் தரவில்லை.

ஆக, திருப்பூர்க்காரரின் இதயம் தேறுவதைத் தீர்மானிக்கும் வரிசையில் மரபணு முன்னால் நிற்பதில்லை. ஆனால் வரிசையில் நிற்கிறது. அதுவும் மெடிக்கல் ஷாப்பில், ஒரு மாத்திரை அட்டைக்குள்.

குளோபிடோகிரெல் என்ற பெயர் ஸ்டென்ட் வைத்த எந்த வீட்டிலும் தெரியும். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் மருந்து. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விழுங்கியவுடன் அது மருந்து அல்ல. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றியமைத்தபிறகே வேலை செய்யும். அந்த நொதியின் மரபணு பழுதாக இருந்தால், மாத்திரை உள்ளே போகும், பலன் குறையும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்டில் மறுபடி கட்டி பிடிக்கும் ஆபத்து அத்தகையவர்களுக்கு அதிகம்.

தமிழரிடம் அந்தப் பழுது எவ்வளவு? இக்கேள்வியை 2003இலேயே கேட்டு விடையும் சொன்னவர் புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் பேராசிரியர் சி. ஆதித்தன். அவருடைய குழு தமிழ் மரபினரிடம் நடத்திய ஆய்வில், பழுதான '2' என்ற வடிவம் மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதைப் பெற்று நொதியே செயல்படாதவர்கள் ஏழு பேரில் ஒருவர் என்ற அளவில் வருகிறார்கள். ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மருந்தின் ஆரம்ப ஆய்வுகளில் பெரும்பான்மை ஐரோப்பியர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணின் கனம் புரியும்.

2010 மார்ச்சில் அமெரிக்க மருந்து ஆணையம் இந்த மரபணுப் பழுது பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் குளோபிடோகிரெல் மீது பொறித்தது. ஹவாய் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிய, பசிபிக் மக்களிடம் மருந்து சரியாக வேலை செய்யாது என்பதை மறைத்ததாக 2014இல் உற்பத்தி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2021இல் 83 கோடி டாலருக்கு மேல் அபராதம். மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணையில் 2024இல் 91 கோடி டாலருக்கு மேல். ஜிப்மர் ஆய்வு வெளியாகி இருபது ஆண்டுகள் கடந்தும் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இது ஒரு பேச்சாகக்கூட ஆகவில்லை.

இப்போது அந்தக் கேஸ் மாத்திரை. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ஒமிப்ரசோல் இதே நொதியைத்தான் தடுக்கிறது. இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று 2009 இறுதியில் அமெரிக்க ஆணையம் அறிவுறுத்தியது. மறு ஆண்டே வந்த 'கோஜென்ட்' ஆய்வில் சேர்த்துக் கொடுத்ததால் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. எனவே விவாதம் முடிந்துவிடவில்லை. இருந்தாலும், பிறவியிலேயே பாதி நொதியோடு இருப்பவருக்கு மீதியையும் மாத்திரையால் அடைப்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. பேன்டோப்ரசோல் போன்ற, அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத மாற்று கையருகே இருக்கிறது. முதலில் மருத்துவமனைக்குப் போவதைத் தாமதப்படுத்தி, திரும்பி வந்தபின் மருந்தோடும் மோதும் பெருமை கேஸ் மாத்திரைக்கே உரியது.

கொங்கு நாட்டின் திருமண வழக்கம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? கவுண்டர்களிடம் காடை, ஆந்தை, ஓதாளர், பொருளந்தை எனப் பல கூட்டங்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். மணம் முடிக்கக் கூடாது. கேட்பவர்கள், மரபணுவியல் வருவதற்கு முன்பே முன்னோர் அறிவியல் கண்டார்கள் என்று மகிழ்ந்துபோவார்கள். பாதி உண்மை. கூட்டம் தந்தைவழியில் மட்டும் போகிறது. தாய்மாமன் மகள் வேறு கூட்டம், எனவே முறைப்பெண். அவளோடு பகிரும் மரபணு அளவோ, தடைசெய்யப்பட்ட சித்தப்பா மகளோடு பகிர்வதற்குச் சமம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேரும் வாய்ப்பு நெருங்கிய உறவு மணத்தில் கூடுகிறது. குளோபிடோகிரெல் நொதியில் அந்த இரட்டைப் பழுதுதான் சிக்கல்.

சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் பழக்கத்தின் வயதையும் தங்கராஜ், டேவிட் ரைக் ஆகியோர் சேர்ந்த குழு 2013இல் மரபணுவிலிருந்தே கணக்கிட்டது. 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். பிறகு கதவு மூடிக்கொண்டது. 2017இல் இன்னொரு ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்களின் மரபணுக் குறுக்கம் பின்லாந்து மக்களையும் அஷ்கநாசி யூதர்களையும் மிஞ்சுகிறது என்று காட்டியது. ஒரு சமூகத்துக்கே உரிய நோய்கள் பல இன்னும் கண்டறியப்படாமல் இருக்கலாம் என்பது அதன் பொருள்.

பனியன் கம்பெனிகள் அறியாமலே இதற்கு எதிர்த்திசையில் போகின்றன. நெல்லை, மதுரை, தேனி, திருவாரூர் ஆட்களுக்குப் பிறகு இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். ஒரே தளத்தில் கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று நிற்பவர்களின் மூதாதையர் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்காதவர்கள். அந்த 25 எழுத்து விடுபடல் மட்டும் இவர்கள் எல்லோருடைய சமூகங்களிலும் பொதுவாக இருக்கக் கூடும். அது சாதிகளைவிட மிக மூத்தது.

அந்த விடுபடலின் பெருமையும் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2020இல் வந்த மறுஆய்வு, தசை தடிக்கும் நோய்க்கு இந்த விடுபடலே காரணம் அல்ல, அதோடு சேர்ந்து இறங்கிவரும் இன்னோர் அரிய மாற்றமே பெரும்பங்கு வகிக்கிறது என்றது. அறிவியலில் இது வழக்கமான நடைதான். ஆறு கோடிப் பேருக்கு ஆபத்து என்று 2009இல் தலைப்புப் போட்ட பத்திரிகைகள் 2020இல் ஒரு வரிகூடப் போடவில்லை என்பதும் வழக்கமான நடைதான். இழந்த இதயத் தசையை மீண்டும் வளரவைக்கும் மரபணு பற்றி வரும் செய்திகளையும் அதே நிதானத்தோடு படிக்கலாம். 2002இல் கென்னத் பாஸ், வரிக்குதிரை மீனின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியெடுத்தும் இரண்டு மாதத்தில் அது வளர்ந்துவிட்டதைக் காட்டினார். மனித இதயத் தசைச் செல்களோ 25 வயதிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுதான் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். இடைவெளி மிகப் பெரிது.

52 நாடுகளில் சலீம் யூசுப் நடத்திய 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, 2004இல், முதல் மாரடைப்பு ஆபத்தில் 90 விழுக்காட்டைப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் முதலான ஒன்பது காரணங்களே விளக்குகின்றன என்றது. தெற்காசியருக்கு அது மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக, 53 வயதிலேயே வருகிறது என்பதும் அதே தரவில் இருந்தது. தலைமுறைதோறும் இறங்கிவரும் எழுத்துப்பிழையை மாற்ற முடியாது. பீடியை மாற்றலாம்.

2023இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம், அவசரத்தில் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கூடவே ஆஸ்பிரினும் போகிறது. ஆனால் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் ஓராண்டு சாப்பிடப்போகும் மாத்திரை அவர் உடலில் வேலை செய்கிறதா என்று ஒரே ஒருமுறை பார்ப்பதற்கு அவகாசம் நிறையவே இருக்கிறது. வேலை செய்யாதவருக்கு டிகாக்ரெலார் போன்ற, அந்த நொதியை நம்பாத மருந்தும் உண்டு. ஏழு பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உள்ள மாநிலத்தில், காப்பீட்டுத் திட்டத்தின் சோதனைப் பட்டியலில் இதற்கு இடம் தர வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக் கூடியவை சில. நெஞ்சு வலித்தால் கேஸ் மாத்திரை தேடாமல் ஈசிஜி எடுங்கள். இதைப் படித்துவிட்டுக் குளோபிடோகிரெலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து. அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது, வயிற்றுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென இறந்தவர்கள் யார் என்ற இரண்டையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.